ஓஸிக்கு ஒரு பெஞ்சு

ஆபீஸில் ஒருவர் ரிடையர் ஆனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சந்தன மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், கேசரி, மிக்சர். பத்து வருஷமாக அவருடைய பிரமோஷன் ஃபைலை அமுக்கி வைத்திருந்த அதிகாரியே மைக்கைப் பிடித்து, 'இப்படி ஒரு ஊழியர் கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று கண் கலங்குவார். மறுநாள் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் போட மாட்டார்கள். போஸ்ட்டையே ரத்து செய்துவிடுவார்கள்.

இதையே ஒரு ஊர் தன்னுடைய பாட்டுக்காரருக்குச் செய்தது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஊர், இங்கிலாந்தில் இருக்கும் பர்மிங்ஹாம். பாட்டுக்காரர், ஓஸி ஆஸ்போர்ன்.

பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நம் ஊர் ஓசிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்போர்ன் என்ற குடும்பப் பெயரைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சுருக்கிக் கூப்பிட்டது நிலைத்துவிட்டது. முழுப் பெயர் ஜான் மைக்கேல் ஆஸ்போர்ன். 1948-ல் பிறந்தவர். பர்மிங்ஹாமில் ஆஸ்டன் என்ற பேட்டையில், லாட்ஜ் ரோடு 14-ம் நம்பர் வீடு. குழந்தைகள் ஆறு பேர். கழிப்பறை வீட்டுக்கு வெளியே. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட். அம்மாவுக்கு லூகாஸ் கம்பெனியில் வேலை. காருக்கு வேண்டிய மின்சார உறுப்புகள் செய்கிற அதே லூகாஸ்தான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வில்லா பார்க் கால்பந்து மைதானம். மேட்ச் நாளில் வெளியூர்க்காரர்கள் கார் நிறுத்தினால், 'நான் பார்த்துக்கறேன் சார்' என்று சில்லறை வாங்கிக்கொள்வது பையனின் வியாபாரம்.

பதினைந்து வயதில் படிப்புக்கு முழுக்கு. எழுத்துகள் கண் முன்னால் குழம்பும் டிஸ்லெக்ஸியா அவருக்கு இருந்தது. அந்தக் காலத்து வாத்தியார்கள் அதற்கு வைத்த பெயர் முட்டாள்தனம். பிளம்பருக்கு எடுபிடியாக இருந்தார். ஆடு மாடு வெட்டும் இடத்தில் வேலை பார்த்தார். துணிக்கடையில் திருடி மாட்டினார். அபராதம் கட்டினால் வெளியே வரலாம். அப்பா கட்டவில்லை, பையனுக்குப் புத்தி வரட்டும் என்று விட்டுவிட்டார். வின்சன் கிரீன் ஜெயிலில் ஆறு வாரம்.

நடுவில் லூகாஸிலும் வேலை பார்த்தார். கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்க்கிற வேலை. நிஜமாகவே அப்படி ஒரு வேலை இருந்தது. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான ஹாரன்களை ஒவ்வொன்றாக அலறவிட்டு, சரியாகக் கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் அதே வேலையைச் சுமார் முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் இருந்தார். காது போய்விட்டது. இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தால் கம்பெனி தங்கக் கடிகாரம் தரும் என்று காத்துக்கொண்டிருந்தார். கடிகாரம்தான் வேண்டுமென்றால் நகைக்கடைக் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததாக ஓஸி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தத் தங்கக் கடிகாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓஸியின் குரலை முதலில் கேட்டது எண்பதுகளின் நடுவில், சென்னையில். நம் தெரு ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் இளையராஜா கிடைக்கும், கஸல் கிடைக்கும், போனி எம் கூடக் கிடைக்கும். இது கிடைக்காது. காலேஜ் ஹாஸ்டலில் ஒருத்தனிடமிருந்து இன்னொருத்தன் பதிவு செய்து, அதிலிருந்து இன்னொருத்தன் பதிவு செய்து, ஐந்தாவது ஆறாவது கையாக என்னிடம் வந்த கேசட். பாட்டில் பாதி 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, 'என்னடா, வீட்டுக்குள்ள ரம்பம் போடறா மாதிரி இருக்கு?' என்றாள்.

அதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. மாடி போர்ஷனில் இருந்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். இடது கையில் இரண்டு விரல் பாதிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். 'நைட் ஷிஃப்ட்ல எல்லா பிரஸ்ஸும் ஒண்ணா ஓடினா இப்படித்தாம்பா இருக்கும். ஆனா இதுல ஒரு தாளம் இருக்கு' என்றார்.

அந்த கிடாரை வாசித்தவரின் கதை எனக்குத் தெரிய வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. டோனி அயோமி. அதே ஆஸ்டன் பக்கத்துப் பையன். தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வாத்தியக்குழுவோடு வெளியூர் போகப் போகிறோம் என்று வேலையை விட்ட கடைசி நாள். பதினேழு வயது. மெஷின் அவருடைய வலது கை நடுவிரலையும் மோதிர விரலையும் நுனியோடு எடுத்துக்கொண்டது. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்துகிற கை அதுதான். தொழிற்சாலை மேனேஜர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட், இரண்டே விரலை வைத்துக்கொண்டு கிடார் வாசித்த மேதை. அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு தந்திகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கி வாசித்தார். ஹெவி மெட்டல் என்று உலகம் பெயர் வைத்த அந்தக் கனமான ஓசையில் ஒரு தொழிற்சாலை விபத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மாடி வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதற்குள் அவர் வீடு மாற்றிப் போய்விட்டார்.

நான் ஓஸியை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட நாற்பது வருஷப் பழக்கம்.

ரசிகன் என்பதற்காக அவரை உத்தமராக்கப் போவதில்லை. குடி, போதை மருந்து எல்லாம் அளவில்லாமல். 1979-ல் சொந்த வாத்தியக்குழுவே அவரை வெளியே தள்ளியது. 1982-ல் மேடையில் யாரோ எறிந்த வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்தார். உலகத்துக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதைவிட மோசமானது 1989-ல் நடந்தது. போதையில் மனைவியின் கழுத்தை நெரித்துக் கைதானார். அந்த மனைவி ஷேரன்தான் கடைசிவரை கூட இருந்தார். இதைப் புகழுரைகளில் யாரும் பேச மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு விஷயத்திலும் அவர் நம் அரசியல்வாதிகளுக்குச் சளைத்தவர் இல்லை. 1992-ல் 'இனிமேல் டூர் இல்லை' என்றே பெயர் வைத்து ஒரு டூர் போனார். 1995-ல் ஓய்வைத் திட்டியே பெயர் வைத்து அடுத்த டூர். 2018-ல் 'இனிமேல் டூர் இல்லை' பாகம் இரண்டு! ஆனால் 2019 ஜனவரியில் வீட்டில் விழுந்தார். பழைய முதுகெலும்புக் காயம் மறுபடி கிளம்பியது. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். 2020-ல் பார்க்கின்ஸன்ஸ் நோய் இருப்பதைச் சொன்னார். 2023 பிப்ரவரியில் அறிக்கை விட்டார்: குரல் இருக்கிறது, உடம்பு ஊர் ஊராகச் சுற்ற இடம் கொடுக்கவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக ஒரே ஒரு கச்சேரி, சொந்த ஊரில். 2025 ஜூலை 5, வில்லா பார்க். சின்ன வயதில் கார் பார்த்துக்கொண்டு சில்லறை வாங்கிய அதே மைதானம். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ் மாதிரி பெரிய தலைகள் எல்லாம் முன்வரிசை வித்வான்கள் போல முதலில் வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். வருமானம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், மரணத்தை எதிர்நோக்கும் குழந்தைகளுக்கான காப்பகத்துக்கும், பார்க்கின்ஸன்ஸ் ஆராய்ச்சிக்கும். நம் ஊர் நேரத்துக்கு விடிகாலை. காசு கட்டிக் கம்ப்யூட்டரில் பார்த்தேன், அதுவும் இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது. கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார வைத்துக் கீழேயிருந்து மேடைக்கு ஏற்றினார்கள். எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்கப் பார்க்கிறார், தோள் மட்டும் எழுகிறது. கடைசியில் பிளாக் ஸாபத்தின் பழைய நால்வரும் இருபது வருஷத்துக்குப் பிறகு ஒன்றாக மேடையில். நாலே பாட்டு.

'இந்த நிலைமையில் ஒரு மனுஷனை மேடை ஏற்றணுமா?' என்று அன்றைக்கே சிலர் ஆரம்பித்தார்கள். ஏன் கூடாது? தனக்கு எங்கே, எப்படி முடிய வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். பதினேழாம் நாள், ஜூலை 22-ம் தேதி, காலமானார். வயது 76. ஜூலை 30-ல் ஊரே தெருவில் நின்று வழியனுப்பியது. அழுதவர்கள் நிஜமாகத்தான் அழுதார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ஊர்ப் பெரிய மனிதர்களோடு.

ஊர் அவருக்கு என்னவெல்லாம் செய்தது என்று பாருங்கள். 2019-ல் பிராட் தெருவில் கால்வாய் மேலிருக்கும் பாலத்துக்கு பிளாக் ஸாபத் பாலம் என்று பெயர் வைத்து, நால்வர் முகமும் வைத்து ஒரு பெஞ்சு போட்டார்கள். 2022 காமன்வெல்த் போட்டிக்குச் செய்த ராட்சச இயந்திரக் காளையை ரயில் நிலையத்துக்குள் நிறுத்தி, ஓட்டெடுப்பு வைத்து 'ஓஸி' என்று பெயர் சூட்டினார்கள். 2023 செப்டம்பரில் பிளாக் ஸாபத் பாட்டுகளுக்கு பாலே நடனமே ஆடினார்கள், அரங்கு நிறைந்தது. 2025 ஜூனில் நேவிகேஷன் தெருச் சுவரில் நால்வரின் ஓவியம். அதே மாதம் மாநகராட்சி நால்வருக்கும் ஊரின் உயரிய கௌரவத்தைக் கொடுத்தது. அதே மாதம் அருங்காட்சியகத்தில் ஓஸியைப் பற்றிய கண்காட்சி, தலைப்பு 'உழைக்கும் வர்க்க நாயகன்'.

எல்லாம் ரொம்ப சந்தோஷம். இப்போது இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம்.

அந்த பாலே அரங்கேறிய அதே 2023 செப்டம்பரில்தான் பர்மிங்ஹாம் மாநகராட்சி, கையில் காசில்லை என்று கையை விரித்தது. நடைமுறையில் திவால். கம்ப்யூட்டர் மென்பொருள் மாற்றுகிறேன் என்று பணத்தைக் கரைத்தது ஒரு காரணம். பெண் ஊழியர்களுக்கு ஆண்களுக்கு நிகரான சம்பளத்தைத் தராமல் பல காலம் ஏய்த்து, அந்த பாக்கி கோடிக்கணக்கான பவுண்டாகத் தலையில் விழுந்தது இன்னொரு காரணம். லண்டன் அரசாங்கமும் 2010-லிருந்து மானியத்தை வெட்டிக்கொண்டே வந்தது. 2024 மார்ச்சில் இரண்டு வருஷத்துக்குச் சுமார் 30 கோடி பவுண்ட் வெட்டுவதாக பட்ஜெட் போட்டார்கள். அதில் கலை அமைப்புகளுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த மானியம் முதல் வருஷம் பாதி, 2025-26-ல் பூஜ்யம். சிம்பொனி இசைக்குழு, ரெப் நாடக அரங்கு, ஐகான் ஓவியக்கூடம் எல்லாவற்றுக்கும். ஓஸியின் பாட்டுக்கு ஆடினார்களே, அந்த பாலே குழுவுக்கும்தான்.

கவனியுங்கள். கலைக்குப் பைசா கிடையாது என்று முடிவான அதே நிதியாண்டில்தான் வில்லா பார்க் கச்சேரி, சுவர் ஓவியம், கௌரவப் பட்டம் எல்லாம்.

'உழைக்கும் வர்க்க நாயகன்' கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோது வெளியே தெருவில் உழைக்கும் வர்க்கம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஒரு பதவியையே ஒழித்து, அதில் இருந்தவர்களின் சம்பளத்தில் கைவைக்கப் பார்க்கிறது நிர்வாகம் என்று 2025 மார்ச்சில் முழு வேலைநிறுத்தமாக மாறிய போராட்டம், ஜூலைக் கச்சேரி வரைக்கும் முடியவில்லை. தெருத்தெருவாகக் கறுப்பு மூட்டைகள், எலிகள். செத்த நாயகனையோ சாகப்போகிற நாயகனையோ கொண்டாடுவது வசதி. அவர் சம்பள உயர்வு கேட்க மாட்டார்.

இந்த இடத்தில் யாராவது கை தூக்குவீர்கள். 'ஓஸி என்ன மானியம் வாங்கியா மேலே வந்தார்? ஜெயிலுக்குப் போய்விட்டு வந்த பையன், யார் தயவும் இல்லாமல் ஜெயிக்கவில்லையா? திறமை இருந்தால் தானாக வருவான் சார்.'

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் எப்படி வந்தான் என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு, அபராதம் கட்டாத அதே அப்பா, கடன் வாங்கி மைக்-ஸ்பீக்கர் செட் வாங்கிக் கொடுத்தார். இசைக்கருவிக் கடையில் அவன் ஒட்டிய 'பாடகன் வாய்ப்புத் தேடுகிறான்' விளம்பரத்தில் முக்கியமான வரி, சொந்த மைக் செட் உண்டு என்பது. அயோமி அதைப் பார்த்துத்தான் வீட்டுக் கதவைத் தட்டினார். தொழிற்சாலைக் கூலிக்காரர் ஒருவருக்கு அன்றைக்குக் கடன் கிடைத்தது, கட்டவும் முடிந்தது. ஒரு வேலை பிடிக்கவில்லை என்று விட்டால் அடுத்த தெருவில் இன்னொரு வேலை இருந்தது. அறுபதுகளின் பர்மிங்ஹாம் அப்படிப்பட்ட ஊர். வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாடப் போகிற தைரியம் அந்த ஊர் கொடுத்தது. 2005-ல் லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலை மூடியபோது ஒரே அடியில் சுமார் ஆறாயிரம் பேருக்கு வேலை போனது. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று, வாசிக்க ஒரு அறை. ஸ்டேஷன் தெரு முனையில் 'தி கிரவுன்' என்று ஒரு பப். 1968-ல் ஜிம் சிம்ப்ஸன் என்பவர் அதன் மாடியில் வாரம் ஒரு ராத்திரி ப்ளூஸ் கச்சேரி நடத்த ஆரம்பித்தார். வந்து உட்கார்ந்து கேட்ட பையன்களில் ஓஸியும் அயோமியும் உண்டு. எங்களுக்கும் ஒரு சான்ஸ் கொடுங்கள் என்று கேட்டு வாசித்தார்கள். சிம்ப்ஸன்தான் அவர்களுடைய முதல் மேனேஜர் ஆனார். 1969 அக்டோபரில் ஒரே நாளில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள், 1970 பிப்ரவரியில் வெளியானது. விமர்சகர்கள் காறித் துப்பினார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். ஒரே நாளில் பதிவு செய்ய முடிந்தது எப்படி? அதற்கு முன்னால் அவர்கள் பல நூறு ராத்திரி, பத்துப் பேர் முன்னாலும் இருபது பேர் முன்னாலும், பியர் வாடை அடிக்கிற அறைகளில் தப்புத் தப்பாக வாசித்துக் கற்றிருந்தார்கள். தப்பாக வாசிக்க இடம் இல்லாத ஊரில் சரியாக வாசிக்கிறவன் உருவாக மாட்டான். நம் ஊரில் சபா மதியக் கச்சேரி என்று ஒன்று இருக்கிறதே, கேன்டீனில் கூட்டமும் உள்ளே ஆறு பேருமாக, அது எதற்கு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?

மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பின் கணக்குப்படி 2023-ல் மட்டும் பிரிட்டனில் 125 சின்ன அரங்குகள் கச்சேரியை நிறுத்திவிட்டன. வாடகை, கரண்ட் பில், பக்கத்தில் புதிதாகக் கட்டிய ஃபிளாட்காரர்கள் சத்தம் என்று கொடுக்கும் புகார். ஸ்டேடியம் கச்சேரி டிக்கெட் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து இந்த அரங்குகளைக் காப்பாற்றுங்கள் என்று 2024-ல் நாடாளுமன்றக் குழு சொன்னது. இசைத் தொழில்காரர்கள் விருப்பப்பட்டுக் கொடுக்கட்டும் என்று அரசு சொல்லிவிட்டது. விருப்பப்பட்டு! நம் ஊர் உண்டியல் மாதிரி.

திவாலான மாநகராட்சி குப்பைக்குக் கொடுக்குமா, பாட்டுக்குக் கொடுக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குப்பைக்காரருக்கும் கொடுக்கவில்லையே? பாட்டுக்காரருக்குக் கொடுக்காததால் துப்புரவுப் பெண்ணுக்கு பாக்கி வந்து சேர்ந்துவிட்டதா? 30 கோடி பவுண்ட் வெட்டில் கலையின் பங்கு கடுகளவு. அதை வெட்டினால் ஓட்டுப் போகாது என்பதால் வெட்டினார்கள். ஓஸிக்குப் பட்டம் கொடுத்தால் நாலு ஓட்டு வரலாம், டூரிஸ்ட்டும் வருவார்கள், அதனால் கொடுத்தார்கள். லூகாஸில் அந்தப் பெரியவருக்குக் காத்திருந்த தங்கக் கடிகாரமும் இதே ரகம். முப்பது வருஷம் காதை வாங்கிக்கொண்டு மணி பார்க்கச் சொல்வது.

பெஞ்சை எடுத்துவிடச் சொல்லவில்லை நான். என்றைக்காவது பர்மிங்ஹாம் போனால் நானும் அதில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன். ஓஸி காலமான வாரம் அந்த பெஞ்சு பூவால் மூடிப் போயிருந்த படத்தைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தப் பூவெல்லாம் ஜனங்கள் தங்கள் காசில் வாங்கி வைத்தது.

நீங்கள் லண்டனில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போனால், ஒரு நாள் ரயிலேறி பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். ஸ்டேஷனுக்குள்ளேயே ஓஸி காளை தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். குழந்தைகளுக்குப் பிடிக்கும், போட்டோ எடுங்கள். அப்புறம் பக்கவாட்டில் வெளியே வந்து ஸ்டேஷன் தெரு எங்கே என்று கேளுங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. 1909-லிருந்து படம் காட்டிய எலெக்ட்ரிக் சினிமா அந்தத் தெருவில்தான் இருக்கிறது. 2024-ல் மூடினார்கள். முனையில் தி கிரவுன். அதை 2014-லேயே மூடிவிட்டார்கள். ஓஸிக்காக வில்லா பார்க்கில் நாற்பதாயிரம் பேர் கூடிய அன்றைக்கும் அந்த மாடிக்குப் போகிற கதவு பூட்டித்தான் இருந்தது.